ஏலத்தளம்: கூகுள் பார்மா, வேர்ட்பிரஸ்ஸா, சொந்தக் கோடா?

இரண்டு வாரத்தில் நிதி திரட்ட ஓர் ஏலத்தளம் வேண்டும் என்று யாராவது வந்தால், முதலில் கேட்க வேண்டியது வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். டிசைன் எல்லாம் அப்புறம். தளத்திலேயே பணம் வாங்க உதவும் பேமென்ட் கேட்வே வேண்டுமென்றால் டிரஸ்ட் பத்திரம், பான், டிரஸ்ட் பெயரிலேயே கணக்கு என்று எல்லாம் கொடுத்துவிட்டு, அவர்கள் சரிபார்த்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கோடு எழுதும் வேகம் நம் கையில் இருக்கிறது, இந்தக் காத்திருப்பு இல்லை. ஆகவே விண்ணப்பம் முதல் நாளே போக வேண்டும்.

குமரி மாவட்டத்தில் யாருக்கும் ஏலத்தை விளக்க வேண்டியதில்லை. தேவாலயங்களின் அறுவடை விழாவான அறுப்பின் பண்டிகையில் ஏத்தன் வாழைக்குலையும் சேவலும் சக்கையும் (பலாப்பழம்) மைக்கில் போகும் விலை சந்தை விலையே அல்ல. எடுத்தவரே குலையைத் திருப்பிக் கொடுக்க, அது மறுபடி ஏலத்துக்கு வருவதும் உண்டு. இதை இணையத்துக்குக் கொண்டுபோக ஒரே நியாயமான காரணம், வளைகுடா நாடுகளில் இருக்கும் ஊர்க்காரர்களும் விலை கேட்க வேண்டும் என்பதுதான். கீழே உள்ள வழிகளை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

கூகுள் பார்ம் மிக எளிது, ஒரே மாலையில் முடியும். ஆனால் அடுத்தவர் கேட்ட விலை தெரியாது. அதை மறைக்க முயல வேண்டாம், மூடிய ஏலம் என்றே அறிவித்துவிடலாம்: ஒவ்வொருவரும் தன் உச்ச விலையை ஒரு முறை எழுதட்டும், கூடுதலானவருக்குப் பொருள். சமமாக வந்தால் முதலில் அனுப்பியவருக்கு. ஷீட்டில் நேரம் தானாகவே பதிவாகிவிடும். பெயரும் போன் எண்ணும் விழும் அந்த ஷீட்டை மட்டும் யாருக்கும் திறந்து வைக்காதீர்கள். போட்டி சூடு பிடிக்காது என்பதுதான் குறை. ‘ஒரு தரம், ரெண்டு தரம்’ என்று நீட்டும்போது பக்கத்து வீட்டுக்காரரை விடக்கூடாது என்று வருகிற அந்த வீம்பு பார்மில் வராது. பணம் வருவதே அந்த வீம்பில்தான்.

இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில், கடை வசதி தரும் வூகாமர்ஸ் போட்டு, அதன்மேல் ஏலத்துக்கான பிளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) ஒன்றைச் சேர்த்தால் அந்த வீம்பு ஓரளவு திரும்பி வரும். விலை ஏறுவது எல்லாருக்கும் தெரியும். நல்ல பிளக்இன் என்றால், கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் முடியும் நேரத்தைச் சில நிமிடம் தள்ளிவைக்கும். வாங்கும் முன் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை முடிந்த பொருளை மறுபடி ஏலத்துக்கு விட முடியுமா என்பதையும் பாருங்கள். நம் ஊர் வழக்கத்துக்கு அது கட்டாயம் தேவைப்படும்.

சிக்கல்களும் இங்கேதான் அதிகம். நேர மண்டலத்தைக் கொல்கத்தா (இந்திய நேரம்) என்று மாற்றாமல் உலகப் பொது நேரமான யுடிசியிலேயே விட்டால், இரவு 8 மணிக்கு முடிய வேண்டிய ஏலம் நள்ளிரவு தாண்டி 1.30க்கு முடியும். குறித்த நேரத்தில் வேலையைத் தானாகச் செய்யும் கிரான் வேர்ட்பிரஸ்ஸில் யாராவது பக்கத்தைத் திறந்தால்தான் ஓடும், அதனால் சர்வரிலேயே உண்மையான கிரான் வைக்க வேண்டும். பக்கத்தின் நகலைச் சேமித்து வைத்துக் காட்டும் கேஷ் (cache) பிளக்இன் இருந்தால் பழைய விலையையே காட்டிக்கொண்டிருக்கும். ஏலப் பக்கங்களுக்கு அதை அணைத்துவிடுங்கள்.

சொந்தமாக எழுதுவதா? ஆசைப்படலாம். ஆனால் ஒரே நொடியில் இருவர் 5,000 என்று அழுத்தினால் யாருக்குப் போகும் என்பதை டேட்டாபேஸ் பூட்டு (ஒரு நேரத்தில் ஒருவர் பதிவை மட்டும் ஏற்கும் முறை) வைத்துச் சரியாகத் தீர்க்க வேண்டும். எஸ்எம்எஸ் ஓடிபி அனுப்ப நினைத்தால் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் செய்யும் டிஎல்டி பதிவு வேண்டும், அதற்கும் தனிக் காத்திருப்பு. இரண்டு வாரத்துக்கு இது வேண்டாம். அமெரிக்கப் பள்ளிகளையும் தொண்டு அமைப்புகளையும் மனதில் வைத்துச் செய்த ரெடிமேட் தளங்களையும் தள்ளிவிடலாம். நமக்கு ரூபாயும் யுபிஐயும் வேண்டும்.

எந்த வழியானாலும் வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் எப்சிஆர்ஏ சட்டத்தை மறக்கக்கூடாது. இந்தியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் இருந்தாலும், தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் நம் ஊர்க்காரரே ஆனாலும் அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கான பதிவோ முன் அனுமதியோ இல்லாத டிரஸ்ட் அவரிடம் நன்கொடை வாங்கக்கூடாது. பதிவுப் படிவத்திலேயே குடியுரிமையைக் கேட்டுவிடுவது நல்லது. பொருளைக் கொடுத்துவிட்டு வாங்கும் பணத்துக்கு 80ஜி ரசீது (நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் ரசீது) எப்படி என்பதை ஆடிட்டரிடம் கேட்காமல் எதையும் வாக்களிக்காதீர்கள்.

பத்து நாளும் வேர்ட்பிரஸ் தெரிந்த ஒருவரும் இருந்தால், என் ஓட்டு பிளக்இன்னுக்கு. அதற்கும் குறைவென்றால் பார்ம்தான், ஆனால் ஒரு மாற்றத்தோடு: மூடிய ஏலத்தில் வந்த உச்ச விலையை ஆரம்ப விலையாக வைத்து, கடைசிச் சுற்றை ஊரில் மைக்கில் நடத்துங்கள். வெளிநாட்டில் இருப்பவருக்காக வீடியோ காலில் ஒரு தம்பி அரங்கில் நின்று கேட்கட்டும். செலவும் குறைவு, கூட்டமும் வரும். எந்தச் சுற்றானாலும் முடிவைச் சனிக்கிழமை இரவு 10 மணிக்கு வையுங்கள். ஞாயிறு சவுதியிலும் குவைத்திலும் வேலை நாள், சனி அங்கேயும் துபாயிலும் விடுமுறை. நம் 10 மணி துபாயில் 8.30, ரியாத்தில் 7.30.