மேடவாக்கத்தில் லீஸுக்கு வீடு எடுத்து 8.5 லட்சத்தை இழந்தோம்: நடுவில் கம்பெனி இருந்தால் பணம் கொடுக்காதீர்கள்

சென்னையில் வேளச்சேரியைத் தாண்டி மடிப்பாக்கம், மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் பக்கம் லீஸுக்கு வீடு தேடுகிறவர்கள் தயவு செய்து இதை முழுசாகப் படியுங்கள். தாம்பரம், போரூர், அம்பத்தூர் பக்கம் தேடுகிறவர்களும்தான். எங்களை ஏமாற்றிய கம்பெனியின் பேரை இங்கே எழுதவில்லை. வழக்கு நடக்கிறது, வக்கீல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பேர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை, இதே வேலையை வேறு வேறு பேரில் செய்கிறார்கள். செய்யும் விதம்தான் தெரிந்திருக்க வேண்டும்.

ஆதம்பாக்கத்தில் பதிமூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். 2022-இல் வீட்டுக்காரர் 15,000 வாடகையை ஒரேயடியாக 19,000 ஆக்கினார். என் கணவருக்குக் கிண்டியில் தனியார் கம்பெனி வேலை. மாதம் பிறந்தால் வாடகைக்கு எடுத்து வைத்த பிறகுதான் மற்றதெல்லாம். அந்தச் சமயத்தில் மாமனாருக்கு பி.எஃப். பணம் 6 லட்சம் வந்தது. "வாடகை கட்டியே அழியுறீங்களேப்பா, லீஸுக்குப் போயிடுங்க. பணம் அப்படியே இருக்கும், மூணு வருஷம் கழிச்சுத் திரும்ப வந்துடும்" என்று மாமாவே எடுத்துக் கொடுத்தார். மீதி இரண்டரை லட்சத்துக்கு என் நகையை அடகு வைத்தோம். வாடகை மிச்சமாகிற பணத்தில் ஒன்றரை வருடத்தில் நகையை மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

வீடு மேடவாக்கத்தில், பிரதான சாலையிலிருந்து ஐந்து நிமிட நடை. தரைத்தளம், இரண்டு படுக்கையறை, கார் நிறுத்த இடம், பக்கத்திலேயே பள்ளிக்கூடம். யூடியூபில் வீடியோ போட்டிருந்தார்கள். "மாத வாடகை கிடையாது, 8.5 லட்சம், 3 வருடம், முழுப்பணமும் திரும்ப." நேரில் போனால் ஏசி போட்ட அலுவலகம், நாலு பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், டீ வருகிறது. மேனேஜர் என்று சொல்லிக்கொண்டவர் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "ஓனர் அமெரிக்காவுல இருக்காங்க அக்கா. எல்லாமே நாங்கதான் பார்த்துக்குறோம். பைப் லீக் ஆனாக்கூட நீங்க எங்களுக்குத்தான் போன் பண்ணணும்." அந்தப் பக்கம் இருக்கிற அடுக்குமாடி வீடுகளில் பல, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் முதலீட்டுக்கு வாங்கிப் போட்டவை. அதனால் அவர் சொன்னது எங்களுக்குச் சந்தேகமாகவே படவில்லை.

ஓனர் போன் நம்பர் கேட்டோம். அங்கே இப்போது ராத்திரி, தொந்தரவு பண்ண வேண்டாம், அதுதான் பவர் இருக்கே என்றார். பவர் பத்திரத்தின், அதாவது தன் சார்பில் செயல்பட ஓனர் எழுதித் தரும் அதிகாரப் பத்திரத்தின், ஜெராக்ஸைக் காட்டினார். மேலே பெரிய எழுத்தில் பொது அதிகார ஆவணம் என்று இருந்தது. என் கணவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தில் கையெழுத்தைப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தைப் பார்க்கவில்லை. அந்த மூன்றாம் பக்கத்தில்தான் விஷயம் இருந்தது: வீட்டைப் பராமரிக்கலாம், மாத வாடகைக்கு விடலாம், வாடகையை வசூலித்து ஓனருக்குத் தரலாம். அவ்வளவுதான் அதிகாரம். லீஸுக்கோ போக்கியத்துக்கோ விட்டு மொத்தத் தொகை வாங்க ஒரு வரிகூட அனுமதி இல்லை. அது பதிவு செய்த பவரும் இல்லை. நோட்டரி முத்திரை மட்டும்தான்.

5 லட்சத்தை வங்கி வழியாக அனுப்பினோம். மீதி 3.5 லட்சத்தை ரொக்கமாகக் கேட்டார்கள். ஒப்பந்தத்தில் 5 லட்சம்தான் எழுதினார்கள், மீதிக்குக் கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு ரசீது. 20,000 ரூபாய்க்கு மேல் இப்படி ரொக்கமாக வைப்புத்தொகை வாங்குவதே வருமான வரிச் சட்டப்படி தப்பு என்று பின்னால் வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது. ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு இல்லை, 11 மாதத்துக்குத்தான் போட்டார்கள். "எல்லாரும் அப்படித்தான் அக்கா போடுவாங்க, மாத்தி மாத்தி புதுப்பிச்சுக்கலாம்." ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று பதிவுச் சட்டம் சொல்கிறது. சார்பதிவாளர் முன்னால் போனால் அசல் ஓனர் வந்து நிற்க வேண்டும், அல்லது சரியான பவர் வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் அந்த 11 மாதம். பதிவு பண்ணினால் செலவு ஜாஸ்தி என்று அவர்கள் சொன்னதை நாங்களும் சரி என்று கேட்டுக்கொண்டோம். எங்கள் தொகைக்கு இருபதாயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

2022 ஜூனில் பால் காய்ச்சினோம். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. மோட்டார் ரிப்பேர் ஆனபோது ஆள் அனுப்பினார்கள். 2023 மே மாதம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போனபோது மறுபடியும் டீ, மறுபடியும் அக்கா. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் தட்டினார்கள். அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, கூட அவருடைய தம்பி. "நீங்க யாரும்மா? இந்த வீட்டு வாடகை அஞ்சு மாசமா வரலையே" என்றார். அவர்தான் ஓனர். அமெரிக்கா இல்லை, திருச்சி. ஓய்வு பெற்ற ஆசிரியை. கணவர் இறந்த பிறகு சென்னைக்கு வந்து போக முடியாமல் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இந்தக் கம்பெனியிடம் கொடுத்திருக்கிறார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் பையிலிருந்து அவருடைய ஒப்பந்தத்தை எடுத்தார், நான் பீரோவிலிருந்து எங்களுடையதை எடுத்தேன். சாப்பாட்டு மேசையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். அவருடையதில் மாத வாடகை 17,000, அட்வான்ஸ் 50,000. எங்களுடையதில் வாடகையே இல்லை, 5 லட்சம், கூடவே 3.5 லட்சத்துக்கு அந்த ரசீது. "எட்டரை லட்சம் குடுத்தீங்களா? யாருகிட்டம்மா குடுத்தீங்க?" என்று கேட்டு அவர் அழுதுவிட்டார். ஏப்ரலிலிருந்தே அவருக்கு வாடகை போகவில்லை. அப்படியென்றால் மே மாதம் எங்களுக்கு டீ கொடுத்துக் கையெழுத்து வாங்கியபோதே அவர்கள் நிறுத்திவிட்டிருந்தார்கள்.

இந்தக் கணக்கைக் கவனமாகப் பாருங்கள். நாங்கள் போடாமல் விட்ட கணக்கு இதுதான். கம்பெனி ஓனருக்கு மாதம் 17,000 கொடுக்க வேண்டும். வருடத்துக்கு 2,04,000. அது எங்கிருந்து வரும்? நாங்கள் மாதாமாதம் ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை. கையில் இருப்பது எங்கள் 8.5 லட்சம் மட்டும். அதில் வருடத்துக்கு 24 சதவீத லாபம் எடுத்தால்தான் முதல் குறையாமல் வாடகை கொடுக்க முடியும். வங்கியில் போட்டால் 7 சதவீதம் கிடைத்தாலே அதிகம். 24 சதவீதத்தை எந்த நேர்மையான தொழிலும் வருடா வருடம் உத்தரவாதமாகத் தராது. ஆக, ஓனருக்குப் போன வாடகை எங்கள் முதலிலிருந்தே போயிருக்கிறது. மூன்று வருடம் ஒழுங்காகக் கொடுத்திருந்தாலும் 6,12,000 கரைந்திருக்கும். எங்களுக்குத் திருப்பித் தர வேண்டுமென்றால் அடுத்து ஒரு குடும்பத்திடம் வாங்கித்தான் தர வேண்டும். புதுக் குடும்பம் வருவது குறைந்த மாதமே எல்லாம் நின்றுவிடும். எங்கள் விஷயத்தில் பத்து மாதம் ஓடியது.

நேரடியாக ஓனரிடமே லீஸுக்குப் போவது வேறு. அவருக்கு மொத்தப் பணம் தேவை, வீட்டுக் கடனை அடைப்பார், பெண் கல்யாணம் செய்வார். பணத்துக்கு அந்த ஓனரே நேரடிப் பொறுப்பு. ஓனருக்கு மாத வாடகை, நமக்கு வாடகை இல்லாத லீஸ், நடுவில் ஒரு கம்பெனி என்றால் அது வீட்டு விவகாரமே இல்லை. முன்பின் தெரியாத ஒருவருக்கு அடமானம் எதுவும் இல்லாமல் கடன் கொடுப்பதுதான் அது. பி.எஃப். பணத்தை அப்படிக் கொடுத்தோம் என்று மாமா இன்றைக்கும் வாய் திறந்து சொல்வதில்லை. போன மாதம் நடக்க வேண்டிய கண் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருக்கிறார்.

அலுவலகத்துக்குப் போனோம். ஆடிட்டிங் நடக்கிறது என்றார்கள். இரண்டு வாரம் கழித்து 8.5 லட்சத்துக்கு செக் கொடுத்தார்கள். போட்டோம், பணமில்லை என்று திரும்பியது. "அவசரப்பட்டுட்டீங்களே அக்கா, நான் சொல்ற அன்னைக்குப் போடுங்க" என்றார் அதே மேனேஜர். நாங்களும் காத்திருந்தோம். இந்த இடத்தில் தயவு செய்து யாரும் காத்திருக்காதீர்கள். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால்தான் செக் மோசடி வழக்குப் போட முடியும். செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம் தாண்டினால் மறுபடி வங்கியில் போடவும் முடியாது. அவர் பேச்சைக் கேட்டு இரண்டு காலக்கெடுவையும் தவறவிட்டோம்.

நவம்பர் கடைசியில் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. ஷட்டர் முன்னால் எங்களைப் போல பதினேழு குடும்பங்கள். கைக்குழந்தையோடு ஒரு பெண், ஓட்டுநர் ஒருவர், வங்கியில் வேலை பார்ப்பவர்கூட ஒருவர் இருந்தார். படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே இல்லை. அடுத்த வாரம் மிக்ஜாம் புயல். டிசம்பர் 4-ஆம் தேதி தரைத்தளத்துக்குள் முழங்கால் வரை தண்ணீர் வந்தது. (பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றி உள்ள பகுதிகளில் தரைத்தளம் எடுக்கும் முன் பக்கத்து வீட்டில் 2015-லும் 2023-லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். எங்களுக்கு 2015-இல் வந்ததையும் சொல்லவில்லை.) பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ரொக்க ரசீது ஊறிப் போய்விட்டது. நல்ல வேளை, ஓனரம்மா வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் என் பையன் போனில் படம் எடுத்து வைத்திருந்தான்.

புகார் கொடுப்பது பற்றி. 2022 ஜனவரி முதல் தாம்பரம், ஆவடி இரண்டும் தனி காவல் ஆணையரகங்கள். மேடவாக்கம், சேலையூர்ப் பக்கம் இருப்பவர்கள் வேப்பேரியில் உள்ள சென்னை ஆணையரகத்துக்கு அலைய வேண்டாம், தாம்பரம் ஆணையரகத்துக்குத்தான் போக வேண்டும், அது சோழிங்கநல்லூரில் இருக்கிறது. தனித்தனியாகப் போகாமல் பதினேழு குடும்பமும் ஒரே நாளில் போனோம். புகாருக்கு மனு ஏற்பு ரசீது கேட்டு வாங்கினோம். வங்கிப் பரிமாற்ற விவரம், ஒப்பந்தம், ரசீது, திரும்பிய செக், வாட்ஸ்அப் பேச்சு, அவர்கள் போட்ட யூடியூப் வீடியோ எல்லாம் கொடுத்தோம். வீடியோவை முன்கூட்டியே பதிவிறக்கி வைத்தது நல்லதாயிற்று, இரண்டே நாளில் நீக்கிவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டார்கள், ஒருவரைக் கைது செய்தார்கள், அவர் ஜாமீனில் வந்துவிட்டார். இதுவரை எங்கள் கைக்கு வந்தது 60,000 ரூபாய்.

ஓனரம்மா எங்களைத் துரத்தவில்லை. அவர் தம்பி முதலில் கோபமாகத்தான் பேசினார், அந்த அம்மாதான் அடக்கினார். "உங்களையும் ஏமாத்தினாங்க, என்னையும் ஏமாத்தினாங்க. பையன் பரீட்சை முடியட்டும்" என்றார். செப்டம்பரிலிருந்து மாதம் 12,000 அவருக்கு நேரடியாகக் கொடுத்தோம். 2024 ஏப்ரலில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறு வாரம் காலி செய்தோம். இப்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு, வாடகை. நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது.

லீஸ்தான் வேண்டும் என்றால் ஓனரை நேரில் பாருங்கள், வெளிநாட்டில் இருந்தால் வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசுங்கள். சொத்து வரி ரசீதிலும் மின் கட்டண ரசீதிலும் இருக்கும் பேர் அவருடையதுதானா பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகவே பார்க்கலாம். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்பதும் அதில் தெரிய வாய்ப்பு உண்டு. பணம் ஓனரின் வங்கிக் கணக்குக்கு மட்டும் போகட்டும், முழுத் தொகையும் பத்திரத்தில் ஏறட்டும், பத்திரம் பதிவாகட்டும். புரோக்கருக்குக் கமிஷன் கொடுங்கள், லீஸ் பணத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். இதில் எதற்காவது "அது தேவையில்லை அக்கா" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். டோக்கன் கொடுத்திருந்தாலும் அது போனால் போகட்டும்.

ஏற்கனவே இப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறீர்களா? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பது யார் என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஓனரின் பேருக்குக் கீழே "பவர் ஏஜென்ட்" என்று கம்பெனி ஆள் கையெழுத்துப் போட்டிருந்தால் அசோசியேஷன் செயலாளரிடம் ஓனரின் நம்பர் கேளுங்கள், பெரும்பாலும் அவரிடம் இருக்கும். ஓனருக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்களுக்கு மாதாமாதம் வாடகை வருகிறதா? வருகிறது என்று சொன்னால் அது உங்கள் பணம்தான், கரைந்துகொண்டிருக்கிறது. கம்பெனி அலுவலகம் திறந்திருக்கும்போதே, அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்காமல், வக்கீல் மூலம் பணத்தைக் கேளுங்கள். ஓனர் உடனே காலி பண்ணச் சொன்னால் பயந்து அன்றைக்கே சாமான் கட்டாதீர்கள். தண்ணீரையோ கரண்டையோ துண்டித்து வெளியேற்றச் சட்டம் அவருக்கு அனுமதி தரவில்லை. அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள், அவருடைய ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். போலீஸில் எங்கள் புகாருக்குப் பெரிய ஆதாரமாக நின்றது அந்தத் திருச்சி அம்மா கொடுத்த நகல்தான்.