பிளம்பிங் படிக்கத் தனியார் பயிற்சி நிலையமா, கல்லூரியா: இரண்டிலும் பணம் கட்டிப் படித்தவரின் மதிப்பீடு

பதினொரு வருடம் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துவிட்டு, முப்பத்தாறாவது வயதில் பிளம்பிங் தொழிலுக்கு வந்தவன் நான். இலண்டனில் இந்தத் தொழிலைக் கற்க நினைக்கும் நம்மவர் பலருக்கு முதலில் எழும் கேள்விதான் எனக்கும் எழுந்தது: சில வாரங்களில் முடித்துத் தருவதாகச் சொல்லும் தனியார் நிலையத்தில் சேர்வதா, உள்ளூர்க் கல்லூரியில் ஒரு வருடமோ இரண்டு வருடமோ படிப்பதா? முதலில் தனியார் நிலையத்தில் சேர்ந்தேன், அது போதாமல் பின்னர் கல்லூரிக்கும் போனேன். நிலையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை, ஏனெனில் நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவை அந்த வகைப் பாடநெறியின் அமைப்பிலேயே இருப்பவை.

தனியார் நிலையத்தின் பிரதிநிதி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்து, சாப்பாட்டு மேசையில் தாள்களை விரித்து வைத்து, ஒன்பது வாரப் பயிற்சி, சிட்டி அண்ட் கில்ட்ஸ் என்ற தேர்வு நிறுவனத்தின் சான்றிதழ், அதன் பிறகு என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமைக்கான கோவை (செய்த வேலைகளுக்கான சான்றுகளின் தொகுப்பு), எல்லாம் சேர்த்து 6,800 பவுண், மாதத் தவணையில் கட்டலாம் என்று விளக்கினார். மனைவியும் நானும் ஒரு மணி நேரத்துக்குள் கையெழுத்திட்டோம். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. அது என்ன என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

பயிற்சியின் தரத்தைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை. எட்டுப் பேர் கொண்ட வகுப்பு, ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தடுப்பறை, வேண்டிய அளவு செம்புக் குழாய், முப்பது வருடம் வீடு வீடாக வேலை செய்த ஓர் ஆசிரியர். முதல் வாரத்திலேயே 15 மில்லிமீற்றர், 22 மில்லிமீற்றர் குழாய்களை அளந்து வெட்டவும், வளைக்கவும், ஈயம் கலவாத சோல்டர் வைத்து இணைக்கவும் பழகிவிட்டோம். சுடரைச் சோல்டரில் பிடிக்காமல் இணைப்பில் பிடிக்க வேண்டும், செம்பின் சூடே சோல்டரை உருக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதை அவர் எங்கள் கையைப் பிடித்தே காட்டினார். நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் கையில் கருவியோடு நிற்பது, மாலை வகுப்பில் இரண்டரை மணி நேரம் நிற்பதைவிட வேகமாகக் கையைப் பழக்குகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒன்பது வாரம் முடிந்ததும் கிடைத்த சான்றிதழ் உண்மையானது. ஆனால் அது பட்டறையில் செய்த வேலைக்கும் எழுதிய தேர்வுக்கும் உரியது. என்.வி.கியூ. என்பது வேறு. மக்கள் குடியிருக்கும் வீட்டிலோ கட்டுமானத் தளத்திலோ கூலிக்குச் செய்யும் வேலையை மதிப்பீட்டாளர் நேரில் பார்த்தும், புகைப்படங்களையும் உங்களை மேற்பார்வை செய்தவரின் ஒப்பத்தையும் சரிபார்த்தும்தான் அதை வழங்குவார்கள். வேலையில்லாதவர் அந்தக் கோவையில் ஒரு பக்கத்தைக்கூட நிரப்ப முடியாது. எங்கள் கட்டணத்தில் அடங்கியிருந்தது கோவையும் மதிப்பீட்டாளரின் வருகையும் மட்டுமே. வேலையைத் தேடிக்கொள்வது எங்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் எழுதியிருந்தது. என்னை யார் வேலைத்தளத்துக்கு அழைத்துச் செல்வார்கள் என்பதே நான் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி. என்னோடு படித்த எட்டுப் பேரில், எனக்குத் தெரிந்து, மூவரே கோவையை முடித்தார்கள். அந்த மூவரில் இருவருக்கு உறவினர் ஏற்கனவே பிளம்பராக இருந்தார்.

இங்கிலாந்தில் ஒருவர் தன்னைப் பிளம்பர் என்று அழைத்துக்கொள்வதற்குச் சட்டப்படி உரிமம் எதுவும் தேவையில்லை. ஆகவே, ‘சான்றிதழே இல்லாமல் வேலை செய்யலாமே’ என்று சிலர் சொல்வார்கள். தண்ணீர்க் குழாயை மாற்றும் அளவில் அது சரிதான். ஆனால் நிறுவனங்கள் என்.வி.கியூ.வையே கேட்கின்றன, பெரிய கட்டுமானத் தளங்களில் காட்ட வேண்டிய திறனாளர் அட்டையும் அதை வைத்தே கிடைக்கிறது. காஸ் வேலையோ முற்றிலும் வேறு. 2009 ஏப்ரல் 1 முதல், கோர்கி என்ற பழைய காஸ் பதிவேட்டின் இடத்தில் காஸ் சேஃப் பதிவேடு இருக்கிறது; அதில் பதியாதவர் கூலிக்குப் பொயிலரில் கைவைப்பது குற்றம். அந்தப் பதிவுக்கு முன் ஏ.சி.எஸ். என்ற காஸ் வேலைத் திறன் மதிப்பீடுகளில் தேற வேண்டும், புதிதாக வருபவர் பதிவுபெற்ற ஒருவரின் மேற்பார்வையில் செய்த வேலைகளைக் கோவையாகக் காட்டவும் வேண்டும். சில வாரங்களில் காஸ் பொறியாளர் ஆகலாம் என்று விளம்பரம் செய்பவர்கள் இந்தக் கோவையைப் பற்றி மெல்லிய எழுத்தில்தான் சொல்கிறார்கள். ஊரில் என்.வி.கியூ. பெற்று வந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பெயர் ஒன்றாக இருந்தாலும் இலங்கைத் தகைமை இங்குள்ள தகைமையாகத் தானாகவே ஏற்கப்படுவதில்லை.

அடுத்த செப்டெம்பரில் கல்லூரியின் மாலை வகுப்பில், வாரத்தில் இரண்டு நாள், இரண்டாம் நிலைப் பாடநெறியில் சேர்ந்தேன். தனியார் நிலையத்துக்குக் கட்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. வருமானம் குறைந்த வளர்ந்தோருக்கு அரச நிதியில் கட்டணமில்லாத இடங்களும் உண்டு என்பதைச் சேர்ந்த பிறகே அறிந்தேன். குறைகள் அங்கும் இருந்தன. ஆங்கிலத்திலும் கணக்கிலும் நுழைவுத் தேர்வு வைத்தார்கள். பதினெட்டுப் பேருக்கு ஒரு பட்டறை. சென்ற வாரம் ஒருவர் வெட்டிய குழாயின் மிச்சத்தையே இந்த வாரம் நாங்கள் வெட்டினோம். ஆசிரியர் சுகவீனமுற்ற மூன்று மாலைகளில் வகுப்பே நடக்கவில்லை.

ஆனால் ஏன் என்ற கேள்விக்கு அங்கேதான் விடை கிடைத்தது. 1999ஆம் ஆண்டின் நீர் வழங்கல் விதிகள், குழாயில் இருக்கும் நீரை அதன் மாசைப் பொறுத்து ஐந்து வகையாகப் பிரிக்கின்றன. முதலாம் வகை குடிநீர், ஐந்தாம் வகை மலக்கழிவு கலந்தது போன்ற மிக ஆபத்தான நீர். தனியார் நிலையத்தில் இதை ஒரு பிற்பகலில் கடந்துபோனோம். கல்லூரியில் நான்கு மாலைகள் எடுத்தார்கள். நம்மவர் வீடுகளில் மலசலகூடத்துக்கு அருகே கைத்தூவியைப் பொருத்தித் தரும்படி கேட்காத வாடிக்கையாளர் அரிது. அந்தத் தூவியின் தலை மலக்கோப்பைக்குள் விழுந்து கிடக்கும் நேரத்தில் தெருக்குழாயில் அழுத்தம் குறைந்தால், கோப்பை நீர் குடிநீருக்குள் உறிஞ்சப்படக்கூடும். ஐந்தாம் வகை அபாயமாகையால் சாதாரண ஒருவழி வால்வு அதற்குப் போதாது. காற்றிடைவெளி உள்ள, அதாவது நீர் விழும் குழாய் வாய் தொட்டி நீரைத் தொடாத, தனித் தொட்டியிலிருந்தே அதற்கு நீர் கொடுக்க வேண்டும். கல்லூரிக்குப் போவதற்கு முன் என் சொந்த வீட்டிலேயே நான் அதைத் தவறாகப் பொருத்தியிருந்தேன். பாடம் நடந்த வாரமே கழற்றினேன். இப்போது வாடிக்கையாளர் கேட்கும்போது காரணத்தைத் தமிழில் விளக்குகிறேன். கேட்டபின் பெரும்பாலானோர் ஒத்துக்கொள்கிறார்கள்.

கல்லூரிச் சான்றிதழும் தனியாக நின்றால் என்.வி.கியூ. ஆகாது. இந்த ஒரு விடயத்தில் இரண்டு இடங்களுக்கும் வேறுபாடில்லை. வேறுபாடு ஆட்களில் இருந்தது. என் கல்லூரி ஆசிரியருக்கு அந்தப் பகுதியில் வேலை செய்யும் பிளம்பர்களைத் தெரியும், அவர்களில் பலர் அவரிடமே படித்தவர்கள். தை மாதத்தில் ஒருவரிடம் என்னை அறிமுகப்படுத்தினார். சனிக்கிழமைகளில் அவருக்கு உதவியாளனாகப் போய், பத்து மாதங்களில் முழுநேரமாகச் சேர்ந்து, அங்கே செய்த வேலைகளைக் கொண்டுதான் கோவையை நிரப்பினேன். தனியார் நிலையத்துக்கு நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் மாணவர்கள் வருவார்கள். என் தெருவில் யார் பிளம்பர் என்பதை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்காக யோசிக்கும் பெற்றோர் இந்த ஒப்பீட்டையே செய்ய வேண்டியதில்லை. பயிலுநர் இடம் கிடைத்தால் அதுவே முதல் தெரிவு: மூன்றாம் நிலை, ஏறத்தாழ நான்கு வருடம், சம்பளத்தோடு வேலை, வாரத்தில் ஒரு நாளளவு கல்லூரி. 2025 ஏப்ரலில் முதலாம் வருடப் பயிலுநருக்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.55 பவுணாக இருந்தது. பயிலுநர் இடம் கிடைக்காவிட்டால் கல்லூரியில் டி லெவல் என்ற இரண்டு வருடத் தொழில்சார் பாடநெறி இருக்கிறது, குறைந்தது 315 மணி நேரத் தொழிலிடப் பயிற்சி அதில் கட்டாயம். என்னைப் போன்றவருக்கும் பயிலுநராகச் சேர வயதுத் தடை இல்லை. ஆனால் இரண்டு பிள்ளைகளோடும் வீட்டு வாடகையோடும் முதல் வருட ஊதியத்தில் வாழ்வது கடினம், அதனால் நான் அந்த வழியில் போகவில்லை.

இத்தனைக்கும் பிறகு தனியார் நிலையத்தையே தெரிவு செய்பவர், வார நாளொன்றில் வகுப்பு நடக்கும்போது பட்டறையைப் போய்ப் பார்க்க வேண்டும். தகைமையின் இலக்கத்தை எழுதி வாங்கி, இங்கிலாந்தின் தகைமைகளைக் கண்காணிக்கும் ஒஃப்குவல் அமைப்பின் பதிவேட்டில் தேடி, அது பட்டறைச் சான்றிதழா, என்.வி.கியூ.வா என்று உறுதி செய்ய வேண்டும். கடந்த வகுப்பில் எத்தனை பேர் கோவையை முடித்தார்கள் என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பொதுவாகப் பதினான்கு நாட்களுக்குள் கைவிடச் சட்டம் இடம் தருகிறது. முழுத் தொகையையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். கட்டணத்தில் ஒரு பகுதியையாவது கடனட்டையில் செலுத்தினால், 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரையான கட்டணத்துக்கு, நிலையம் இடையில் மூடப்பட்டாலும் அட்டை வழங்கிய வங்கியிடம் கோரிக்கை வைக்க முடியும். நான் நிதி நிறுவனத்துக்குத் தவணை கட்டி முடிக்க இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

தொழிலில் ஏற்கனவே இருப்பவருக்கு மட்டும் தனியார் நிலையத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். கடந்த வைகாசியில் தெருக்குழாயின் அழுத்தத்திலேயே இயங்கும் வெந்நீர்த் தொட்டிகளுக்கான ஜி3 பாடநெறிக்கு வேறொரு தனியார் நிலையத்துக்குப் போனேன். கல்லூரியில் அதற்கு அடுத்த இலையுதிர்காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கே வெள்ளி, சனி இரண்டு நாளில் முடிந்தது. பாதுகாப்பு வால்வுகள் ஒவ்வொன்றையும் கழற்றிப் பூட்டிப் பார்த்தோம். திங்கட்கிழமை அதே வகைத் தொட்டி உள்ள வீட்டில் எனக்கு வேலை இருந்தது.