கொடைக்கானல் ஏரிச்சாலையில் சுட்ட நேந்திரம்

சோளம் சுடும் தள்ளுவண்டிகளுக்கு நடுவே ஒன்றில் மட்டும் நேந்திரம்பழம் கிடைக்கிறது. ருசி நன்று, ஆனால் நேரம் பார்த்துப் போக வேண்டும்.

பழத் தேர்வில் குறையில்லை. மஞ்சள் தோலில் பாதிக்குக் கரும்புள்ளி விழுந்த பழம்தான் எடுக்கிறார்கள். பாதி பழுத்ததைச் சுட்டால் மாவு மாவாகத் தொண்டையை அடைக்கும். கறுத்துக் கனிந்தது கம்பியிடுக்கில் குழைந்து ஒழுகிவிடும். விருப்பாச்சி மலைவாழையை இதற்குக் கேட்காதீர்கள், அது உரித்துத் தின்ன மட்டும்.

தோலோடு நெடுக ஒரு கீறல். கங்கின் மேல் சாம்பல் பூத்தபின், நாலு விரல் உயரத்தில் கம்பிவலை. அடிக்கடி புரட்டினால் பன்னிரண்டு நிமிடத்தில் தோல் கருகி, கீறலில் பாகு கொப்புளிக்கும். அதுதான் பதம்.

மாலைக் கூட்டத்தில் இது கெடுகிறது. விசிறி விசிறித் தழல் எழுப்புவதால் வெளியே கரி, பழத்தின் நடுப்பகுதி சில்லென்று இருக்கிறது. மிளகாய்த்தூளும் அள்ளிக் கொட்டுகிறார்கள். சோளத்துக்குச் சரி, இதற்கு உப்பும் எலுமிச்சையும் போதும். நாலு மணிக்குள் போய், கீறலில் குச்சி விட்டுப் பார்க்கச் சொல்லி வாங்குங்கள். குளிரில் சீக்கிரம் ஆறிவிடும், தோலை உரிக்காமல் பிளந்தபடியே சாப்பிடலாம்.