பெயரில்லாமல் திரும்பி வந்த 11,000 ஃபைல்கள்: மீட்பு மென்பொருள்களோடு பத்து வருஷம்

செங்கோட்டையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம், டிடிபி, ஸ்கேனிங் எல்லாம் உண்டு. கணினியை முறையாகப் படித்தவன் இல்லை. ஆனால் அழிந்துபோன ஃபைலை மீட்கும் மென்பொருள்களை 2014-லிருந்து விடாமல் பயன்படுத்தி வருகிறேன். விருப்பப்பட்டு ஆரம்பித்ததில்லை, மாட்டிக்கொண்டு ஆரம்பித்தது.

அந்த வருஷம் புளியரையில் ஒரு கல்யாணம். காலையில் படம் எடுத்துவிட்டு வந்த என் தம்பி, அதே 16 ஜிபி கார்டோடு சாயங்காலம் பண்பொழியில் ஒரு காதுகுத்துக்குப் போனான். அங்கே கேமரா கார்டு நிறைந்துவிட்டது என்று காட்டியிருக்கிறது. காப்பி எடுத்தாயிற்று என்ற நினைப்பில் ஃபார்மட் கொடுத்துவிட்டான். மேலே 118 படமும் எடுத்துவிட்டான். ராத்திரி கடைக்கு வந்து, "அண்ணே, கல்யாணத்த நீங்க காப்பி பண்ணிட்டீங்கல்லா?" என்று கேட்டபோதுதான் இரண்டு பேருக்கும் வயிறு கலங்கியது.

அன்றைக்கு யாரோ சொல்லி இறக்கியது ரெக்குவா என்ற மீட்பு மென்பொருள். கார்டை ரீடரில் போட்டு, டீப் ஸ்கேன் டிக் செய்து, முக்கால் மணி நேரம் அந்தப் பச்சைப் பட்டை நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தோம். படங்கள் வந்தன. முகூர்த்தம், தாலி கட்டு, பந்தி, எல்லாம். வராதது முதல் 118 படம். பெண் அழைப்பு, மாப்பிள்ளை அழைப்பு, வாசலில் நாதஸ்வரக்காரர்கள், அதெல்லாம் போயே போய்விட்டது. காரணம் பிறகுதான் புரிந்தது. கேமராவில் சாதாரணமாகக் கொடுக்கும் ஃபார்மட் படங்களை அழிப்பதில்லை, எது எங்கே இருக்கிறது என்ற கணக்கை மட்டும் துடைக்கிறது. அப்புறம் எடுக்கிற புதுப் படங்கள் கார்டின் ஆரம்பத்திலிருந்து உட்காருகின்றன. காலையில் முதலில் எடுத்ததன் தலையில்தான் காதுகுத்து ஏறி உட்கார்ந்தது. சில கேமராக்களில் 'லோ லெவல் ஃபார்மட்' என்று ஒரு தேர்வு இருக்கும். அதையும் அவன் தொட்டிருந்தால் முகூர்த்தமும் கிடைத்திருக்காது. பெண்ணின் அப்பா ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, "என்ன அண்ணாச்சி, மேளக்காரங்க ஒருத்தரையும் காணல?" என்றார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தக் கல்யாணத்துக்குப் பாதிப் பணம்தான் வாங்கினேன்.

வந்த படங்களுக்குப் பழைய பெயர் கிடையாது. அடைப்புக்குறிக்குள் ஆறு இலக்க எண், அவ்வளவுதான். அன்று அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கேமரா எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளேயும் எடுத்த நேரம் பதிந்திருக்கும். அதை வைத்து வரிசைப்படுத்தினால் கல்யாணம் தானாக ஒழுங்காகிவிடும்.

ரெக்குவாவைப் பற்றி என் கருத்து: இதில்தான் தொடங்க வேண்டும். லண்டன் பிரிஃபார்ம் நிறுவனம் 2007-இல் கொண்டுவந்தது. சிகிளீனர் செய்ததும் அவர்கள்தான். 2017-இல் அந்த நிறுவனத்தை அவாஸ்ட் வாங்கிவிட்டது. 2016-இல் வந்த 1.53 பதிப்புக்குப் பிறகு பல வருஷம் புதிதாக ஒன்றும் வரவில்லை. ஆனாலும் மெமரி கார்டு, பென்டிரைவ், பழைய ஹார்ட் டிஸ்க் மூன்றுக்கும் இன்றைக்கும் போதும். இன்ஸ்டால் செய்யாமல் ஓடும் போர்ட்டபிள் பதிப்பு ஒன்று உண்டு. அதை ஒரு பென்டிரைவில் போட்டுச் சாவிக்கொத்தோடு வைத்திருக்கிறேன். எந்த டிஸ்கில் ஃபைல் போனதோ அதே டிஸ்கில் மீட்பு மென்பொருளை இறக்கி நிறுவுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது. தொலைந்த மோதிரத்தைத் தேட, அது கிடக்கிற இடத்திலேயே ஒரு லோடு மணலைக் கொட்டுவது மாதிரிதான்.

2019 கடைசியில் நடந்ததுதான் பெரிய கதை. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு ஆதரவு நிற்கிறது என்றார்கள், விண்டோஸ் 10-க்கு மாறலாம் என்று உட்கார்ந்தேன். நிறுவும்போது சி, டி என்று இரண்டு பகுதிகள் காட்டியது. அவசரத்தில் இரண்டையும் டெலிட் கொடுத்து, முழு டிஸ்கையும் ஒன்றாக்கி, நிறுவி முடித்து டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்து மவுஸைத் தொட்டபோதுதான் 'டி எங்கே' என்று உறைத்தது.

டி-யில் இருந்தவை பெரும்பாலும் ஸ்கேன்கள். எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. எல்லைக்கோடு மாறினாலும் சொந்தபந்தம் மாறவில்லை. ஆரியங்காவு, தென்மலை, கழுத்துருட்டி என்று மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் மலையாளத்தில் எழுதிய நிலப் பத்திரங்களைக் கொண்டுவருவார்கள். ஸ்கேன் செய்து, தமிழில் மொழிபெயர்க்கக் கொடுத்து, தட்டச்சு செய்து தருவோம். அவர்கள் திரும்ப வந்து "முன்னாடி எடுத்தோமே அண்ணாச்சி, அது இருக்கா?" என்று கேட்பார்கள் என்பதால் ஊர் பெயர், ஆள் பெயர் போட்டுச் சேமித்து வைத்திருந்தேன். 2018 வெள்ளத்தில் செங்ஙன்னூர்ப் பக்கம் மூலப்பத்திரம் ஊறிப்போன ஒரு குடும்பத்துக்கு, பத்திர எண் தெரிந்து நகலுக்கு விண்ணப்பிக்கவே என் ஸ்கேன்தான் மிச்சம்.

உடனே கணினியை அணைத்து, டிஸ்கைக் கழற்றி, வேறு கணினியில் மாட்டினேன். அதுவரை சரி. அப்புறம் ஃபோட்டோரெக்கை ஓட்டினேன். அங்கேதான் தப்பு செய்தேன். ஆனால் அது தப்பு என்று தெரிய மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது.

ஃபோட்டோரெக் இலவசம். மூலநிரல் திறந்தது, எழுதியவர் பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே. டிஸ்கில் இருக்கும் பெயர்ப் பட்டியல், ஃபோல்டர் கணக்கு எதையும் அது மதிக்காது. டிஸ்கை வரிவரியாகப் படித்துக்கொண்டே போகும். ஜேபெக் படம் என்றால் முதல் மூன்று பைட் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்று இருக்கும். அந்த அடையாளம் தட்டுப்பட்டால் அங்கிருந்து ஒரு ஃபைலை வெட்டி எடுக்கும். அதனால் கணக்கு முழுக்க நாசமான டிஸ்கிலும் அது எடுத்துத் தரும். அதே காரணத்தால் பெயரும் தராது. பெயர் ஃபைலுக்குள் இல்லையே, கணக்கில்தானே இருக்கிறது.

ஒன்பது மணி நேரம் ஓடியது. ஐந்நூறு ஐந்நூறாக 23 ஃபோல்டர், மொத்தம் 11,000-க்கும் மேல் ஃபைல்கள். எஃப் என்று ஒரு எழுத்து, பின்னால் எண். பழைய சி-யில் கிடந்த இணையப் பக்கத்துச் சின்னப் படங்கள், விளம்பரம், பொத்தான், கொடி, எல்லாவற்றையும் தோண்டிப் போட்டுவிட்டது. அளவை வைத்துச் சின்னதையெல்லாம் கழித்து, மிச்சத்தைக் கண்ணால் பார்த்துக் கழித்து, கடைசியில் 312 பத்திரப் பக்கம் தேறியது.

ஸ்கேன் பக்கத்தில் எடுத்த நேரமும் இல்லை. எல்லாம் ஒரே மாதிரி முத்திரைத்தாள். எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. ஆரியங்காவிலிருந்து ரிட்டையர் ஆன ஒரு மாஷ் (மலையாளத்தில் வாத்தியார்) எங்கள் கடைக்கு அடிக்கடி வருவார். அவரைக் கெஞ்சினேன். ஜனவரியில் மூன்று நாள் பஸ் ஏறி வந்தார். நான் ஒவ்வொரு பக்கமாகத் திறக்க, அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோய் வாசிப்பார். "இது தீராதாரம் (விற்பனைப் பத்திரம்). வாங்கியது கழுத்துருட்டி ஆள். சர்வே நம்பர் எழுது." "இது பாகபத்ரம், ரெண்டாம் பக்கம். மொத பக்கம் எவிடெ?" முதல் பக்கம் வேறொரு ஃபோல்டரில், இருநூறு படத்துக்கு அப்பால் கிடக்கும். மூன்றாம் நாள் சாயங்காலம் கண்ணைத் தேய்த்துக்கொண்டே போனார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. ஒரு கிலோ பார்டர் மிக்சர் மட்டும் வாங்கிக்கொண்டார்.

இடையில் காசு கொடுத்தும் ஒன்று வாங்கிப் பார்த்தேன். பெயர் வேண்டாம். இலவசப் பதிப்பு எல்லாப் படத்தையும் அழகாக முன்னோட்டம் காட்டும், சேமி என்று அமுக்கினால் கார்டு நம்பர் கேட்கும். ஒரு மாதச் சந்தா கட்டினேன், அடுத்த மாதமும் தானாகப் பிடித்துவிட்டார்கள். திரை பார்க்க நன்றாக இருந்தது. ரெக்குவா தராத எதையும் அது எனக்குத் தரவில்லை.

2020-இல் கடைக் கணினிக்கு, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் போட்டேன். வேகம் அபாரம். 2022 ஆனி மாதச் சாரலில், மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், ஒரு பள்ளிக்கூட மலர் இருந்த ஃபோல்டரை ஷிஃப்ட்டை அமுக்கிக்கொண்டே டெலிட் செய்துவிட்டேன். பதறவில்லை, ரெக்குவா இருக்கிறதே. ஓட்டினேன். பெயர்கள் அத்தனையும் வந்தன. அளவும் சரி. பச்சைப் புள்ளி வேறு. திறந்தால் எதுவும் திறக்கவில்லை. உள்ளே முழுக்கப் பூஜ்ஜியம்.

டிரிம் என்று ஒன்று இருக்கிறது. ஃபைலை அழித்ததும் விண்டோஸ் எஸ்எஸ்டியிடம் "இந்த இடம் இனி வேண்டாம்" என்று சொல்லிவிடும். விண்டோஸ் 7-லிருந்தே உண்டு. எஸ்எஸ்டி தன் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ள அந்த இடத்தைக் காலி செய்துவிடும். பெயரும் அளவும் எம்எஃப்டி என்ற பட்டியலில் தனியாக இருப்பதால் அவை மட்டும் தப்பிக்கும். ரெக்குவாவைக் குறை சொல்ல முடியாது. அந்த இடத்தில் வேறு ஃபைல் உட்கார்ந்திருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது, உட்காரவில்லை, பச்சை காட்டியது. பத்திரங்கள் பெயரில்லாத உடம்பாக வந்தன என்றால், இது உடம்பில்லாத பெயர்.

அந்த ஃபோல்டரில் ஒரே ஒரு ஃபைல் மட்டும் முழுசாகத் திறந்தது. யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தார்கள் என்று நோட்பேடில் எழுதி வைத்திருந்த துண்டுச் சீட்டு. எம்எஃப்டியில் ஒரு ஃபைலுக்கு 1,024 பைட் இடம். ஏறக்குறைய 700 பைட்டுக்குள் அடங்குகிற ஃபைலை விண்டோஸ் தனியாகச் சேமிப்பதில்லை, அந்தப் பட்டியலுக்குள்ளேயே செருகி விடுகிறது. அதனால் அது டிரிம்முக்குத் தப்பியது. தமிழில் எழுதினால் ஒரு எழுத்துக்கு மூன்று பைட், கால், கொம்பு வந்தால் ஆறு. இன்னும் நாலு பேர் அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அதுவும் போயிருக்கும். மலரை மறுபடி செய்துதான் கொடுத்தோம்.

மைக்ரோசாஃப்டே 2020-இல் விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி என்று ஒன்றை இலவசமாக விட்டது. கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். மீட்டதை வேறு டிரைவில்தான் வைக்கும், அதே டிரைவுக்கு ஒப்புக்கொள்ளாது. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தது. ஆனால் வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது கட்டளையை ஞாபகம் வைத்துத் தட்டுவது என்னால் முடியவில்லை.

2023-இல் ஒருவர் கோயில் கொடை நோட்டீஸ் இருந்த பென்டிரைவைக் கொண்டுவந்தார். செருகினால் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்டது. ஃபோட்டோரெக்கோடு கூடவே டெஸ்ட்டிஸ்க் என்று இன்னொன்று வரும். எழுதியவரும் அவரேதான். இத்தனை வருஷம் அதைத் திறந்ததே இல்லை. மவுஸ் வேலை செய்யாது, அம்புக்குறிதான். அன்றைக்குத் துணிந்து திறந்தேன். அந்தப் பென்டிரைவ் கணக்கு வைத்திருந்த முறை ஃபேட்32. அதில் முதல் செக்டரின், அதாவது முதல் துண்டின், நகல் ஒன்று ஆறாம் எண் செக்டரில் பத்திரமாக இருக்கும். அந்த நகலை எடுத்து முதல் இடத்தில் வைக்கச் சொன்னேன். கழற்றிச் செருகினேன். ஃபோல்டர், பெயர், தேதி, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அன்று ராத்திரி ஒரு சந்தேகம். 2019-இல் கழற்றிய டிஸ்க்கைத் தினத்தாளில் சுற்றி பீரோவில் போட்டிருந்தேன். எடுத்து மாட்டி, டெஸ்ட்டிஸ்க்கில் ஆழத் தேடச் சொன்னேன். விடியற்காலையில் பட்டியலில் பச்சை எழுத்தில் பழைய டி. பி-யைத் தட்டினால் உள்ளே இருப்பதைக் காட்டும். தட்டினேன். ஆரியங்காவு, தென்மலை, கழுத்துருட்டி, அதற்குள் ஆள் பெயர்கள், ஒவ்வொன்றிலும் பக்கம் ஒன்று, பக்கம் இரண்டு. நான் சி-யின் இடத்தில்தான் புது விண்டோஸை ஏற்றியிருந்தேன். டி-யின் கணக்கை எதுவும் தொடவே இல்லை. அன்றைக்கே முதலில் இதை ஓட்டியிருந்தால் ஒரு ராத்திரியில் முடிந்திருக்கும்.

அதனால் இப்போது என் வரிசை இதுதான். காந்த டிஸ்க்காக இருந்து பகுதியே காணாமல் போனால் முதலில் டெஸ்ட்டிஸ்க். ஃபைல் மட்டும் போனால் ரெக்குவா. இரண்டும் கைவிட்டால்தான் ஃபோட்டோரெக். டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் எதையும் ஓட்டாமல் கழற்றி வைத்துவிடுவேன், அது மென்பொருள் சமாசாரமே இல்லை. எஸ்எஸ்டிக்கு எதுவும் இல்லை, ராத்திரி கடை அடைக்கும்போது வெளி டிஸ்கில் காப்பி ஓடுகிறது.

மாஷ் இப்போதும் மாசம் ஒருமுறை வருவார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எடோ, ஆ ஆதாரமொக்கெ (அந்தப் பத்திரமெல்லாம்) சரியாயோ?" என்பார். அவர் வாசித்துச் சொல்லி நான் பெயர் வைத்த அந்த 312 பக்கமும் தனி ஃபோல்டரில் அப்படியே இருக்கின்றன. டெஸ்ட்டிஸ்க் கதையை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. "எல்லாம் சரியாயி மாஷே" என்று சொல்லிவிட்டு டீ வாங்க எழுந்துவிடுவேன்.