இடது பக்கம் 1805, வலது பக்கம் 1850: நார்ட்டனின் 'ப்ரெலூட்' பதிப்பு

ஆங்கிலக் கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த் தன் மனம் வளர்ந்த கதையைத் தானே சொல்லும் 'ப்ரெலூட்' பாடம் நடத்தத் தோதான நீள்கவிதை. ஏரி, மலை, இரவில் திருட்டுத்தனமாக ஓட்டிப்போன படகு ஒரு பக்கம். கல்லூரி, லண்டன், பாராளுமன்றம், மடம் மறுபக்கம். நடுவில் ஒரு கோடு போட்டு இயற்கைக்கு எதிர் மனித நிறுவனம் என்று எழுதிவிட்டால் வகுப்பு முடிந்தது. 1979இல் வந்த நார்ட்டன் கிரிட்டிகல் எடிஷன் (மூலத்தோடு குறிப்புகளும் விமர்சனக் கட்டுரைகளும் சேர்ந்த பதிப்பு) அந்தக் கோட்டை அழித்துவிடுகிறது. இதை வாங்கச் சொல்வதற்கு அதுவே முதல் காரணம்.

ஒரே அட்டைக்குள் மூன்று கவிதைகள் இருக்கின்றன. 1799இன் இரண்டு பாகக் கவிதை ஆயிரம் வரிக்குக் கொஞ்சம் குறைவு. அதன்பின் 13 பகுதிகள் கொண்ட 1805 வடிவம் இடது பக்கத்திலும், 14 பகுதிகள் கொண்ட 1850 வடிவம் வலது பக்கத்திலும் எதிரெதிரே ஓடுகின்றன. கவிஞர் உயிரோடு இருந்தவரை இதில் எதையும் முழுதாக அச்சுக்குத் தரவில்லை. 1850 ஏப்ரலில் அவர் இறந்து சில மாதங்களில் வலது பக்க வடிவம் வெளிவந்தது. 'ப்ரெலூட்' என்ற தலைப்பே மனைவி மேரி வைத்தது. இடது பக்க வடிவத்தை வாசகர்கள் பார்க்க 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜானதன் வேர்ட்ஸ்வொர்த், எம்.எச். ஏப்ராம்ஸ், ஸ்டீஃபன் கில் ஆகிய மூவரும் பதிப்பாசிரியர்கள். முதலாமவர் கவிஞரின் தம்பி கிறிஸ்டோஃபரின் வழிவந்தவர். அந்தத் தம்பிதான் பின்னாளில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் தலைவராக இருந்தவர். இயற்கை, நிறுவனம் என்று குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கட்சியும் உண்டு!

எதிரெதிர் பக்கங்கள் என்ன செய்கின்றன என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். இடதில் தென்றலை வரவேற்பவன் ஒரு கைதி. அடிமை வீட்டிலிருந்து வருகிறான். நகரத்தின் மதில் அவனுக்குச் சிறை. 'அடிமை வீடு' விவிலியத்தில் எகிப்தைக் குறிக்கும் தொடர் என்பதால் நகரத்தைவிட்டுக் கிளம்புவதே ஒரு விடுதலைப் பயணமாகிறது. வலதில் சிறையும் இல்லை, மதிலும் இல்லை. பெரிய நகரமொன்றில் மனம் ஒட்டாமல் தங்கியிருந்த ஒருவர் அங்கிருந்து வெளியேறியிருக்கிறார், அவ்வளவுதான். காற்று அதே காற்று. எதிரி மட்டும் இளைத்துவிட்டான்.

மூன்றாம் பகுதியில் கேம்பிரிட்ஜ். 1787இல் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்த பையனின் அறைக்குக் கீழே சமையற்கட்டின் இரைச்சல். பக்கத்தில் டிரினிட்டியின் கடிகாரம் ஒவ்வொரு மணியையும் ஆண் குரலில் ஒரு தடவை, பெண் குரலில் ஒரு தடவை என இரண்டு முறை அடிக்கிறது. அந்த இடத்துக்கும் அந்த நேரத்துக்கும் தான் பொருந்தாதவன் என்ற உணர்வு இங்கேதான் வருகிறது. கல்லூரி மீதான மனக்குறை இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆனால் நியூட்டன் சிலையைப் பாருங்கள். இடதில் முப்பட்டகத்தோடு மௌன முகம் காட்டி நிற்கும் வெறும் சிலை. வலதில் கூடுதலாக வரும் இரண்டு வரிகள்தான் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுபவை: சிந்தனையின் அறியாத கடல்களில் தனியே பயணம் போகும் மனம். பிற்காலத் திருத்தமெல்லாம் சரிவு என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

புத்தகத்தின் காசுக்கு ஈடான இடம் ஆறாம் பகுதிதான். 1790 கோடையில் வேர்ட்ஸ்வொர்த்தும் கல்லூரி நண்பர் ராபர்ட் ஜோன்ஸும் ஆல்ப்ஸ் நோக்கி நடந்தபோது பிரான்சின் கிராண்ட் ஷார்ட்ரூஸ் மடத்தில் தங்கினார்கள். 1805 வடிவம் அதைச் சில வரிகளில் சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறது. 1850இல் அதே இடத்தில் சுமார் எழுபது வரி. ஆயுதம் மின்ன, துறவிகளை விரட்ட ஆட்கள் வருகிறார்கள். அப்போது 'நிறுத்துங்கள், இந்தப் புனிதத்தைக் கெடுக்கும் கைகளை நிறுத்துங்கள்' என்று ஒரு குரல். யாருடைய குரல்? ஆல்ப்ஸ் சிம்மாசனத்திலிருந்து இயற்கையே பேசுகிறது! மதச் சபையொன்றின் கட்டடத்துக்கு இயற்கை வக்காலத்து வாங்குகிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த மடத்துத் துறவிகள் வெளியேற்றப்பட்டது 1792இல். நண்பர்கள் இருவரும் போனது அதற்கு இரண்டு ஆண்டு முன்பு. பின்னால் நடந்ததைக் கவிஞர் கண்ணால் கண்டதுபோல் முன்னே இழுத்து வைக்கிறார்.

ஏழாம் பகுதியில் பர்க் வருகிறார், வலது பக்கத்தில் மட்டும். பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து எழுதிய அந்தப் பாராளுமன்றப் பேச்சாளரிடம், முன்பு தவறாக எண்ணியதற்காகக் கவிஞரின் பேனா மன்னிப்புக் கேட்கிறது. அவரை எதற்கு ஒப்பிடுகிறார் என்பதில்தான் விஷயம்: காய்ந்த உச்சிக் கிளைகள் மான்கொம்பு போல் நீட்டிக்கொண்டிருக்கும், தோப்பின் இளமரங்கள் அஞ்சி நிற்கும் ஒரு முதிய ஓக் மரம். வழக்கம், பரம்பரைச் சட்டம், சமூகப் பிணைப்பு ஆகியவற்றுக்காக வாதாடுபவருக்கு மரத்தின் உடல். வலது பக்கத்தில் இயற்கை குறைந்துவிடவில்லை. அது கட்சி மாறியிருக்கிறது. இதை ஒரு வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாம் பகுதியின் இறுதியை நோக்கி ஒரு வெட்டும் உண்டு. எல்லாவற்றிலும் ஒரே உயிரைக் கண்டதாகவும் அது ஆனந்தமாக இருந்ததாகவும் இடது பக்கம் சொல்கிறது. வலதில் அந்தக் கூற்று போய், படைப்புகள் படைக்கப்படாதவனை நோக்கி வழிபடும் முகத்தோடு நிற்கின்றன. தேவாலயம் உள்ளே வந்துவிட்டது.

இங்கே பதிப்பின் பெரிய குறையைச் சொல்லியாக வேண்டும். இரண்டு பக்கம் எதிரெதிரே இருப்பதால் 45 ஆண்டுகள் ஒரே தாவலாகத் தெரிகின்றன. இளைஞன் இடதுசாரி, கிழவர் வலதுசாரி என்று புத்தக அமைப்பே சொல்லிக்கொடுப்பதுபோல ஆகிவிடுகிறது. 1813இல் முத்திரைத்தாள் விநியோக அரசுப் பதவி, 1843இல் அரசவைக் கவிஞர் பதவி என்று வாழ்க்கைக் குறிப்பும் அதற்கு ஒத்து ஊதும். நடந்தது அப்படியில்லை. ஷார்ட்ரூஸ் வரிகளின் கரு 1808இல் எழுதிய வேறொரு முடிவுறாத கவிதையிலேயே இருக்கிறது. 'ப்ரெலூட்' முழுவதும் 1819-20, 1832, 1838-39 என்று பலமுறை திருத்தப்பட்டது. இடைப்பட்ட அடுக்குகள் தேவையென்றால் கார்னெல் பல்கலைக்கழக அச்சகத்தின் வேர்ட்ஸ்வொர்த் வரிசைக்குத்தான் போக வேண்டும்: 13 பகுதி வடிவத்தை மார்க் ரீட் 1991இலும், 14 பகுதி வடிவத்தை டபிள்யூ.ஜே.பி. ஓவன் 1985இலும் பதிப்பித்தார்கள். கையெழுத்துப் படிகளின் படங்களோடு வருபவை, நூலகத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை.

வரி எண்ணில்தான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒன்பதாம் பகுதி வரை இரண்டு வடிவமும் ஒரே எண்ணில் போகும். 1805இன் பத்தாம் பகுதி 1850இல் பத்து, பதினொன்று என இரண்டாகப் பிரிகிறது. அதற்கப்புறம் எல்லாம் ஒன்று தள்ளி வரும்: ஸ்னோடன் மலையேற்றம் இடதில் 13, வலதில் 14. ஒன்பதாம் பகுதியிலிருந்த வோட்ராகூர், ஜூலியா காதல் கதை வலதில் கிட்டத்தட்ட காணாமல் போயிருக்கும். அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம், அதை 1820இல் தனிக் கவிதையாக வெளியிட்டுவிட்டார். ஆகவே மேற்கோள் எடுக்கும்போது ஆண்டு, பகுதி, வரி மூன்றையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும். 'பதினோராம் பகுதி' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் புரியாது.

அடிக்குறிப்புகள் அந்தந்தப் பக்கத்திலேயே இருப்பது நிம்மதி. முந்தைய நூற்றாண்டுக் கவிஞர் மில்டனின் எதிரொலிகளைச் சுட்டுவதில் தாராளம். முதற்கட்ட வரைவுகளும், அக்கால எதிர்வினைகளும், கட்டுரைகளும் பின்னால் உண்டு. கட்டுரைப் பகுதிக்கு மட்டும் வயதாகிவிட்டது. 1979க்குப் பிறகு வந்த சூழலியல் விமர்சனமும், இலக்கியத்தை அதன் கால அரசியலோடு சேர்த்துப் படிக்கும் புதிய வரலாற்றுவாதமும் இதில் இருக்க வழியில்லை. இயற்கை, நிறுவனம் என்ற தலைப்பில் இன்று ஆய்வு செய்பவர் அவற்றை வெளியில் தேடிக்கொள்ள வேண்டும். 1995இல் பெங்குயின் வெளியிட்ட நான்கு வடிவப் பதிப்பும் ஜானதன் வேர்ட்ஸ்வொர்த் செய்ததுதான். அதிலும் 1805உம் 1850உம் எதிரெதிரே வரும். ஆனால் குறிப்புகள் கடைசியில் இருப்பதால் விரலை இரண்டு இடத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். முதல் வாசிப்புக்கு நார்ட்டனே மேல்.

முதலில் 1799ஐ ஒரே மூச்சில் படித்துவிடலாம். பிறகு 1805ஐ மட்டும், வலது பக்கத்தை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு. மூன்றாவது சுற்றில் 1, 2, 3, 6, 7 ஆகிய பகுதிகளை இரண்டு பக்கமும் சேர்த்து. முதல் நாளே இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்கத் தொடங்கினால் கவிதை கையில் நிற்காது, வேறுபாடுகளின் பட்டியல்தான் மிஞ்சும். திரையில் ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம் காட்டும் வடிவில் இதை வாங்க வேண்டாம். எதிர்ப்பக்கம் கண்ணில் படாத 'ப்ரெலூட்' வேண்டுமென்றால் அதற்கு வேறு எத்தனையோ பதிப்புகள் இருக்கின்றன.