சாயம் போகும் என்று சொல்லி விற்ற சட்டை

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஏப்ரல் மாதத்துக்கு ஏற்ப உடுத்துவது எளிதன்று. காலையில் பத்து டிகிரிக்குக் கீழே இருக்கும் குளிர், வெயில் ஏறியதும் இருபதை எட்டிவிடுகிறது; மாலையில் ஒரு மழை பெய்தால் மறுபடியும் ஸ்வெட்டரைத் தேடவேண்டியிருக்கிறது. இந்த இடைப்பருவத்துக்கும் அதையடுத்த கோடைக்கும் இந்நாட்டு ஆண்கள் தலைமுறைகளாக அணிந்துவரும் உடைகளுள் மெட்ராஸ் கட்டம் போட்ட பருத்திச் சட்டையும் ஒன்று. நியூ ஜெர்சியில் ஒரு சிறிய கடையில் இந்த வசந்தத்துக்காக நான் வாங்கிய கைத்தறி மெட்ராஸ் சட்டையைப் பற்றியது இந்த மதிப்புரை. விற்றவர் எவற்றுக்கெல்லாம் பொறுப்பேற்றார், எவற்றை என் தலையில் வைத்தார் என்பதையும் இதில் சேர்த்தே எழுதுகிறேன். இந்தத் துணியைப் பொறுத்தவரை அந்தக் கணக்கைத் தீர்க்காமல் சட்டை நல்லதா கெட்டதா என்று சொல்லிவிட முடியாது.

முதலில் துணி. கருநீலமும் அரக்குச் சிவப்பும் அகலமான கட்டங்களாக ஓட, அவற்றின் நடுவே மஞ்சள் கோடு மெல்லியதாகச் செல்கிறது. நூலுக்குச் சாயம் ஏற்றிய பிறகு நெய்த துணி என்பதால் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே நிறத்தில் இருக்கின்றன. நீலப் பாவும் (நெடுக்கு நூல்) சிவப்பு ஊடையும் (குறுக்கு நூல்) குறுக்கிடும் இடத்தில் கத்தரிப்பூ நிறம் ஒன்று தானாகவே பிறக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இழை சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் மெலிந்தும் இருப்பது தெரிகிறது. பாக்கெட்டின் கட்டமும் சட்டையின் கட்டமும் கோடு பிசகாமல் சேர்கின்றன; பட்டன் பட்டியிலும் அப்படியே. ஆனால் பக்கவாட்டுத் தையலில் கட்டங்கள் ஒரு விரல் அளவு விலகி நிற்கின்றன, அந்த இடத்தில் தையற்காரர் துணியை மிச்சம் பிடித்திருக்கிறார். விலை நூறு டாலருக்குச் சற்றுக் குறைவு. இதே கட்டத்தைக் கைலியாக வாரம் முழுவதும் கட்டும் என் தந்தையிடம் இந்த விலையைச் சொல்லும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

எதனுடன் அணிவது என்பதில் பொதுவான வழி ஒன்று உண்டு. சட்டையில் கட்டம் இவ்வளவு பேசும்போது மற்றவை பேசாமல் இருக்கவேண்டும். கட்டத்திலுள்ள ஒரு நிறத்தை மட்டும் எடுத்துக் கால்சட்டைக்கோ ஸ்வெட்டருக்கோ கொடுத்தால் போதும். வழக்கமாக வெளிர் பழுப்பு அல்லது சந்தன நிறச் சினோஸ் என்னும் பருத்திக் கால்சட்டையும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும் இதற்குப் பரிந்துரைக்கப்படும். பார்வைக்கு அது மிக நன்றாகவே இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டையை அப்படி அணிய நான் பரிந்துரைக்கமாட்டேன், குறைந்தது முதல் சில மாதங்களுக்காவது. இண்டிகோ நீலம் உராய்ந்தாலே ஒட்டும் சாயம்; சட்டையை உள்ளே விட்டு இடுப்புப் பட்டை இறுகக் கட்டினால் சந்தன நிறத் துணியின் உள்விளிம்பில் நீலக்கறை விழுவது உறுதி. எனவே கருநீலச் சினோஸ் அல்லது பழைய ஜீன்ஸ், சட்டையை வெளியே விட்டபடி, காலையில் மேலே கருநீலப் பருத்தி ஸ்வெட்டர், காலர் மட்டும் எட்டிப் பார்க்கும்படி. வெயில் ஏறியதும் ஸ்வெட்டரைக் கழற்றிக் கைகளை இரண்டு மடிப்பு மடித்துவிட்டால் அலுவலகத்திலிருந்து பூங்கா வரை அந்த உடையிலேயே போய்வரலாம். உள்ளே வெள்ளைப் பனியன் வேண்டாம். நண்பர் வீட்டு வெள்ளைச் சோபாவில் சாய்ந்து உட்காருவதைப் பற்றியும் யோசித்துக்கொள்வது நல்லது. அங்கே கறை பட்டால் கடைக்காரர் வந்து துடைக்கப்போவதில்லை.

சாயம் போகும் இந்தக் குணத்தைச் சுற்றி ஒரு பழைய கதை உண்டு. பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் 1958-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவருக்கு 10,000 கெஜம் மெட்ராஸ் துணி விற்றாராம். குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைக்கவேண்டும் என்று சொல்லியே விற்றாராம். அந்த எச்சரிக்கை இறக்குமதியாளரைத் தாண்டிப் போகவில்லை. அமெரிக்க ஆடைக் கடையான ப்ரூக்ஸ் பிரதர்ஸில் அந்தத் துணியில் தைத்த உடைகளை வாங்கியவர்கள் இயந்திரத்தில் போட்டுத் துவைக்க, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடின, புகார்கள் குவிந்தன, வழக்கு வரை பேச்சு எழுந்தது என்று கதை போகிறது. கடைசியில் கண்டுபிடித்த தீர்வு ஒரு விளம்பர வாசகம்: சாயம் போவதற்கு உத்தரவாதம். குறையே பெருமையாகி, அறுபதுகளில் இளைஞர்கள் சாயம் போகும் மெட்ராஸைத் தேடிப்போய் வாங்கினார்கள். வணிகப் பாடங்களில் இதை மிகச் சிறந்த சமாளிப்பாகக் கொண்டாடுவார்கள். எனக்கு அந்தக் கொண்டாட்டத்தில் உடன்பாடில்லை. ஒரு வரி எச்சரிக்கையைத் துணியோடு அனுப்பாதவர் யாரோ, அவர் எந்த இடத்திலும் அதைத் தன் தவறு என்று ஏற்றதாகக் கதையில் வரவில்லை. துவைக்கும் முறையை உடையிலேயே எழுதித் தைக்கவேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் விதி கொண்டுவந்தது 1971-இல்தான்.

நான் வாங்கிய சட்டையில் அந்த விதி கேட்பதைவிட அதிகமாகவே எழுதியிருந்தது. காலருக்கடியில் தைத்த பட்டி வழக்கமானது. அதோடு ஒரு கெட்டி அட்டையும் நூலில் கட்டித் தொங்கியது. சாயம் போகும், முதல் சில சலவைகளில் நீர் நீலமாகும், தனியாகக் குளிர்ந்த நீரில் கையால் அலசவும், நிழலில் உலர்த்தவும், உப்போ வினிகரோ போட்டால் சாயம் நின்றுவிடும் என்று நம்பவேண்டாம் என்று நேராகச் சொல்லியிருந்தார்கள். உப்பு விஷயத்தில் அட்டை சொல்வது சரியே. இண்டிகோ இழையின்மேல் படிந்து நிற்பது, உப்பால் அதைப் பிடித்துவைக்க முடியாது. அதன் கீழே, தையல் விட்டாலோ பட்டன் விழுந்தாலோ ஓராண்டுக்குள் கடை சரிசெய்து தரும், பிற துணிகளில் ஏறும் சாயம் அணிபவர் பொறுப்பு என்று இரண்டு வரிகள். எல்லைக்கோட்டை இவ்வளவு தெளிவாகப் போட்டுக்கொடுத்த வேறு உடையை நான் வாங்கியதில்லை. அலசியபோது வாளி நீர் கருநீலமாகித்தான் போனது. அடுத்தடுத்த சலவைகளில் அது வெளிறியது. கட்டங்களின் விளிம்பும் சற்றுத் தணிந்து, சட்டை புதிதாக இருந்ததைவிட அழகாகியிருக்கிறது.

எழுதியதைக் கடை செய்தும் காட்டியது. இரண்டு பட்டனுக்குக் காஜா நூல் பிரிந்து தொங்க ஆரம்பித்ததும் சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். எப்படித் துவைத்தீர்கள் என்ற விசாரணையுடன் பேச்சு தொடங்கும் என்று எதிர்பார்த்தேன், இணையத்தில் விற்கும் பெரிய கடை ஒன்று முன்பு அந்த ஒற்றைக் கேள்வியாலேயே என் புகாரை மூடியிருக்கிறது. இங்கே உரிமையாளர் காஜாவைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, “அனுப்பும் முன் நான் பார்த்திருக்கவேண்டும்” என்றார். அதே வாரத்தில் அந்த இரண்டையும் மட்டுமன்றி எல்லாக் காஜாவையும் புதிதாக எடுத்துக் கொடுத்தார். பணம் கேட்கவில்லை.

கடை பின்தங்குவது வேறோர் இடத்தில். அட்டையில் இந்தியாவில் கையால் நெய்தது என்று மட்டும் இருக்கிறது. எந்த ஊர்த் தறி, எந்த நெசவாளர் சங்கம் என்பது இல்லை. இந்திய அரசு 2006-இல் கொண்டுவந்த கைத்தறி முத்திரையும் இல்லை. கேட்டதற்கு, இறக்குமதியாளரிடமிருந்து துணியாக வாங்குவதாகவும் அதற்கு அப்பால் தமக்குத் தெரியாது என்றும் உரிமையாளர் சொன்னார். கிராமத்துக் கிழவர் படத்தை ஒட்டிக் கதை கட்டாதவரை நல்லதுதான். ஆனாலும் சாயத்துக்கும் காஜாவுக்கும் இத்தனை கவனம் எடுப்பவர், நெய்தவருக்கு என்ன கூலி போனது என்று இறக்குமதியாளரிடம் ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம். கைத்தறி என்பதற்காகத்தானே இந்த விலை? அதற்கான சான்று வாங்குபவர் கைக்கு வராதது பெரிய குறை. அடுத்த வசந்தத்துத் துணிக்கு விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.

அளவைப் பொறுத்தவரை, தோள் கச்சிதமாக அமைகிறது. உயரத்தில் முதல் சலவையில் ஏறக்குறைய அரை அங்குலம் சுருங்கியது, ஆகவே வெளியே விட்டு அணிபவர்கள் நீளம் சற்றுக் கூடுதலாகவே பார்த்து எடுக்கலாம். துணிகளையெல்லாம் ஒன்றாக இயந்திரத்தில் போட்டுத் துவைக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கு இது ஒத்துவராது. சாயம் நிற்கும் ஆலைத்துணி மெட்ராஸ் இதில் பாதி விலைக்கும் குறைவாகவே கிடைக்கிறது. வாளியில் தனியாக அலசும் பொறுமை உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம், முதல் மாதங்களுக்கு அடர்நிறக் கால்சட்டையோடு.