ஆடிட்டர் ஆபீஸ்ல ரோமிங் ப்ரொஃபைல்: சில வருஷம் ஓட்டிப் பாத்தப்புறம்

நான் சிஸ்டம் பாத்துக்குற இடங்கள்ல ஒண்ணு ஒரு சின்ன ஆடிட்டர் ஆபீஸ். விண்டோஸ் சர்வர் 2019 ஒண்ணு, பத்துப் பதினஞ்சு பிசி, கீழ மேலன்னு ரெண்டு ஃப்ளோர். அங்க ரோமிங் யூசர் ப்ரொஃபைல், அதாவது ஒருத்தரோட செட்டிங்ஸும் ஃபைலும் அவர் எந்த பிசில லாகின் பண்ணாலும் சர்வர்ல இருந்து கூடவே வர்ற ஏற்பாடு, போட்டு சில வருஷமா ஓடிட்டு இருக்கு. "எல்லாம் கிளவுடுக்குப் போயாச்சு, இன்னுமா இதைப் போடுறீங்க"ன்னு கேக்குறவங்க உண்டு. போட்டதுக்குக் காரணம் ஆர்ட்டிகிள்ஷிப் பசங்கதான் (சிஏ படிச்சிட்டே ஆபீஸ்ல பயிற்சிக்கு வர்றவங்க), அவங்களுக்குன்னு நிரந்தரமா ஒரு சீட் கிடையாது, நாலு நாள் கிளையன்ட் இடத்துல ஆடிட், திரும்பி வந்தா எந்த பிசி காலியோ அதுல உக்காரணும். "அண்ணா, நான் டெஸ்க்டாப்ல வச்ச எக்ஸெல் அந்த மூலை பிசில இருக்கு, அதுல இப்ப அக்கா வேலை பாக்குறாங்க" இதுதான் தினப்படி பஞ்சாயத்து, அதுவும் செப்டம்பர் மாசம் டாக்ஸ் ஆடிட் கெடு நெருங்குற நேரத்துல கேக்கவே வேணாம்.

செட் பண்றது பெரிய வேலையே இல்ல. சர்வர்ல ஒரு ஷேர் (எல்லா பிசில இருந்தும் திறக்கக்கூடிய ஃபோல்டர்), பேரு கடைசில டாலர் குறி போட்டு மறைச்சு வச்சுக்கணும், அந்த ஷேருக்கு ஆஃப்லைன் கேஷிங்கை ஆஃப் பண்ணிடணும். ஆக்டிவ் டைரக்டரில, அதாவது யூசர் கணக்கெல்லாம் இருக்குற சர்வர் லிஸ்ட்ல, யூசரைத் திறந்து ப்ரொஃபைல் டேப்ல அந்த ஷேரோட பாத் (முகவரி) குடுத்தா முடிஞ்சுது. ஃபோல்டர் பேருக்குப் பின்னாடி வி6ன்னு விண்டோஸே சேத்துக்கும், நாம டைப் பண்ணக் கூடாது. விண்டோஸ் 7க்கு வி2, விண்டோஸ் 10ல 1607 வெர்ஷன்ல இருந்து வி6, அதனால பழைய 7 பிசி ஒண்ணு ரெண்டு மிச்சம் இருந்தா அதுல அதே ஆளுக்கு வேற ப்ரொஃபைல்தான் வரும், இது கோளாறு இல்ல, அப்படித்தான் பண்ணியிருக்காங்க. முதல் ஆள் லாகின் பண்றதுக்கு முன்னாடியே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு, அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குரூப்பை ரோமிங் ப்ரொஃபைல்ல சேக்குற குரூப் பாலிசி (சர்வர்ல இருந்தே எல்லா பிசிக்கும் போடுற விதி). ஃபோல்டர் உருவாகுறப்ப மட்டும்தான் அது வேலை செய்யும், அப்புறம் போட்டா பழைய ஃபோல்டருக்குள்ள அட்மினே நுழைய முடியாம வெளில நிக்கணும்.

இதெல்லாம் ஒரு நாள் வேலை. நிஜமான விஷயம் சைஸ்தான்.

லாகின் பண்றப்ப சர்வர்ல இருந்து ப்ரொஃபைல் பிசிக்கு காப்பி ஆகும், லாகாஃப் பண்றப்ப திரும்பப் போகும். சாஃப்ட்வேருங்க தன் செட்டிங்ஸை வச்சுக்குற ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்ள ரோமிங்னு ஒண்ணு, லோக்கல்னு ஒண்ணு இருக்கும், அதுல ரோமிங் போகும், லோக்கல் போகாது. ஆனா டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் சேந்துதான் போகும். ஆடிட்டர் ஆபீஸ் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பாத்திருக்கீங்களா? இன்கம்டாக்ஸ் யுட்டிலிட்டி ஜிப் ஒண்ணு, அதே ஜிப் பின்னாடி 1 போட்டு ஒண்ணு, 2 போட்டு ஒண்ணு, பிரிச்ச ஃபோல்டர் தனியா, ஜிஎஸ்டி ஜேசன் ஃபைல் கணக்கே இல்லாம, பேங்க் ஸ்டேட்மெண்ட் பிடிஎஃப், நடுவுல யாரோ அனுப்பின கல்யாணப் பத்திரிகை. இது சுலபமா 2 ஜிபி தாண்டும். பழைய 100 எம்பிபிஎஸ் லைன்ல செகண்டுக்கு 11, 12 எம்பிதான் வரும், அப்ப புது பிசில முதல் லாகினுக்கு மூணு நிமிஷம், அதுவும் ஒரே ஆள் இழுத்தா. காலைல 10 மணிக்கு எல்லாரும் ஒண்ணா வந்து உக்காந்தா 'வெல்கம்' சுத்துறதைப் பாத்துட்டே டீ குடிச்சிட்டு வந்துடலாம். கிகாபிட் ஸ்விட்ச் போட்டா குறையும், ஆனா பொடிப் பொடி ஃபைல் ஆயிரக்கணக்குல இருந்தா அதுவும் திணறும்.

மருந்து ஃபோல்டர் ரீடைரக்ஷன். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூணையும் சர்வர்லயே இருக்குற மாதிரி குரூப் பாலிசில திருப்பி விட்டுட்டா அதுங்க காப்பியே ஆகாது, அங்கேயே திறந்து அங்கேயே சேவ் ஆகும். ப்ரொஃபைல் சில நூறு எம்பிக்குள்ள அடங்கிடும். ஜூம் மாதிரி சில சாஃப்ட்வேர் தன்னையே ஆப்டேட்டா ரோமிங்குள்ள இன்ஸ்டால் பண்ணிக்கும், அந்த மாதிரி ஃபோல்டரை எக்ஸ்க்ளூட் டைரக்டரீஸ் பாலிசில தள்ளி வச்சுக்கலாம். உண்மையைச் சொன்னா பசங்களோட பஞ்சாயத்தைத் தீத்தது இந்த ரீடைரக்ஷன்தான், ரோமிங் ப்ரொஃபைல் இல்ல. ரோமிங்னால கூட வர்றது எக்ஸெல் செட்டிங்ஸ், அவுட்லுக் சிக்னேச்சர், தமிழ் கீபோர்டு, வால்பேப்பர், இவ்வளவுதான். நல்லாத்தான் இருக்கு, இல்லாட்டியும் பொழப்பு ஓடும்.

கூட வராத லிஸ்ட்தான் ஜனங்களுக்குக் கடுப்பு. குரோம் ப்ரொஃபைல் ஆப்டேட்டா லோக்கல்ல இருக்கு, வராது, அக்கவுண்ட்ல சைன்-இன் பண்ணி சிங்க் பண்ணிக்கணும், இல்லனா அதுக்குத் தனி பாலிசி போடணும். வாட்ஸ்அப் டெஸ்க்டாப்பும் அப்படியே, ஒவ்வொரு பிசிலயும் க்யூஆர் ஸ்கேன் பண்ணணும், ஆனா நாலு டிவைஸ்தானே லிங்க் பண்ண விடும், சீட் மாறி மாறி உக்கார்ற பையன் அஞ்சாவது பிசில வந்து மாட்டுவான். டிஜிட்டல் சிக்னேச்சர் இருக்குற யுஎஸ்பி டோக்கனோட டிரைவர் பிசியோட சமாச்சாரம், எல்லாத்துலயும் தனித்தனியா போட்டே ஆகணும். டாலி டேட்டா எப்பவும் சர்வர்ல தனி ஃபோல்டர்லதான், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஃபாண்ட் ஒரு கூத்து: அட்மின் பாஸ்வேர்டு இல்லாம யூசரே இன்ஸ்டால் பண்ற தமிழ் ஃபாண்ட் அவங்க ஆப்டேட்டா லோக்கலுக்குள்ள போய் உக்காந்துக்கும், அடுத்த பிசில அதே லெட்டரைத் திறந்தா எழுத்து எழுத்தா இருக்காது. எல்லா யூசருக்கும்னு ஒவ்வொரு பிசிலயும் போட்டாத்தான் சரி.

வரக்கூடாதது ஒண்ணு கரெக்டா கூடவே வந்துடும், பிரிண்டர். நெட்வொர்க் பிரிண்டர் கனெக்ஷன் யூசரோட ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் செட்டிங்ஸைச் சேத்து வைக்கிற இடம், ப்ரொஃபைலோடவே போகும்) இருக்கு, டீஃபால்ட்டும் அங்கதான். கீழ வேலை பாத்தவர் மேல போய் லாகின் பண்ணி பிரிண்ட் குடுத்தா பேப்பர் கீழதான் வரும். மாடிப்படி இறங்கி ஏறுறதுக்கு ஒருத்தரை அனுப்பணும். பிசி எந்த ஃப்ளோரோ அதுக்கு ஏத்த பிரிண்டரை குரூப் பாலிசி பிரிஃபரன்ஸ் வழியா குடுத்தப்புறம்தான் அந்த சத்தம் அடங்குச்சு.

கரண்ட் போறதும் இதுல சேத்தி. லாகாஃப் ஆனாத்தானே சர்வருக்குப் போகும், லாக் பண்ணிட்டு வீட்டுக்குப் போனா எதுவும் போகாது, யுபிஎஸ் ஸ்விட்சையே அமுக்கிட்டுப் போற மகராசன்களும் இருக்காங்க. ரீடைரக்ஷன் இருக்குறதால ஃபைல் தொலையாது, மாத்தின செட்டிங்ஸ்தான் அந்த பிசிலயே தங்கிடும். அதே மாதிரி ஒரே ஆள் ரெண்டு பிசில லாகின்ல இருந்தா ரெஜிஸ்ட்ரி ஃபைல் மொத்தமா கடைசில லாகாஃப் பண்ண பிசியோடதுதான் நிக்கும். "ரெண்டு தடவை மாத்திட்டேன் சார், திரும்பப் பழசே வருது"ன்னு யாராவது சொன்னா முதல்ல இதைத்தான் பாப்பேன்.

கேஷ் காப்பியை, அதாவது பிசிலயே தங்கிடுற ப்ரொஃபைல் காப்பியை, லாகாஃப்ல அழிக்கிற பாலிசியை நான் போடல. பசங்க மாறிக்கிட்டே இருக்குறதால ஒவ்வொரு பிசிலயும் ஏழெட்டு ப்ரொஃபைல் கிடக்கும், 256 ஜிபி எஸ்எஸ்டில அது உறுத்தத்தான் செய்யும். ஆனா சர்வர் ஒரு நாள் படுத்துட்டா கேஷ் இருக்குற ஆள் உள்ள வந்துடுவார், இல்லாத ஆளுக்கு டெம்பரரி ப்ரொஃபைல்தான் கிடைக்கும், அதுல செஞ்சது லாகாஃப்ல காத்தோட போயிடும். இத்தனை நாள் லாகின் ஆகாத ப்ரொஃபைலை ரீஸ்டார்ட்ல அழின்னு ஒரு பாலிசி இருக்கு, அது போதும்.

பிசிங்க ஒண்ணொண்ணா விண்டோஸ் 11க்கு மாறிட்டு இருக்கு, அதுலயும் அதே வி6தான், பழைய ப்ரொஃபைலே எடுத்துக்குது. அடுத்து சர்வர் மாத்துறப்ப நிரந்தர சீட் இருக்குறவங்க, அதாவது அக்கவுண்ட்ஸ் அக்கா, ரிசப்ஷன், சீனியர் ரெண்டு பேர், இவங்க ப்ரொஃபைல் பாத்தைக் காலி பண்ணிட்டு ரீடைரக்ஷன் மட்டும் விடப் போறேன். ரோமிங் ஆர்ட்டிகிள்ஸ் பசங்களுக்கு மட்டும். லேப்டாப்புக்கு ரெண்டுமே முதல்ல இருந்தே கிடையாது.